தேர்தலை நிறுத்திய மாணவர்கள்: யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் எழுச்சியும் தேய்வும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயிலும் மாணவர் ஒருவர் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். 1931ஆம் ஆண்டு குடாநாட்டில் ஒரு தேர்தலையே நடைபெறாமற் செய்யுமளவுக்குச் செல்வாக்குப் பெற்றிருந்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், அடுத்த பத்தாண்டுகளுக்குள் பெயரளவில் எஞ்சிய ஓர் அமைப்பாகச் சுருங்கியது ஏன், பகிஷ்கரிப்புத் தோல்வியடைந்ததுதான் காரணமா என்பது முதலாவது. அதன் கொள்கைகள் பின்னர் யாரிடம் போய்ச் சேர்ந்தன என்பது இரண்டாவது.

முதற் கேள்வியின் அடியில் இருக்கும் எடுகோளை ஏற்பது கடினம். பகிஷ்கரிப்புத் தோல்வியடையவில்லை. அறிவிக்கப்பட்ட நான்கு தொகுதிகளிலும் அது முழுமையாக நிறைவேறியது. அந்த வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டு மறுநாள் என்ன செய்வது என்பதற்கான ஏற்பாடு எதுவும் இயக்கத்திடம் இருக்கவில்லை. அதைவிட ஆழமான முரண் ஒன்றும் இருந்தது. சமத்துவத்தைத் தன் முதற் கொள்கையாகக் கொண்ட அமைப்பு, வரலாற்றில் முதன்முறையாக வாக்குரிமை பெற்ற ஏழைகளையும் பெண்களையும் ஒடுக்கப்பட்ட சாதியினரையும் பார்த்து அந்த வாக்கைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டது. தேய்வின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

தொடங்குமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் தீவிர மாணவர் இயக்கம் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது 1970இல் பொன்னுத்துரை சத்தியசீலன் முதலானோர் அமைத்த தமிழ் மாணவர் பேரவை. பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலுக்கு (மொழிவாரியாகப் புள்ளிகளை மாற்றியமைத்த முறைக்கு) எதிரான கோபத்தில் வளர்ந்து, கைதுகளாலும் தலைமறைவு வாழ்க்கையாலும் சிதறி, தன் உறுப்பினர்களை ஆயுதக் குழுக்களுக்குக் கொடுத்துவிட்டு மறைந்த அமைப்பு அது. அதன் கதை வேறு, முடிவும் வேறு. இங்கே பேசப்படுவது அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முந்திய, ஆயுதத்தைத் தொடாத, காந்தியத்தில் ஊறிய ஓர் இயக்கம். இரண்டையும் ஒரே கோட்டில் வைத்து ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று எழுதுவோர் உண்டு. வாலிபர் காங்கிரஸ் முழு இலங்கைக்கும் சுயராச்சியம் கேட்டது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

வாலிபர் காங்கிரஸ் 1924இன் இறுதியில் தோன்றியபோது அதன் பெயர் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ். வட்டுக்கோட்டையிலுள்ள யாழ்ப்பாணக் கல்லூரியே அதன் பிறப்பிடம் எனலாம். அமெரிக்க மிசனரிமார் 1823இல் தொடங்கிய செமினரியின் வழிவந்து, 1872இல் நிறுவப்பட்ட அக்கல்லூரியில் படித்து அங்கேயே ஆசிரியராகிய ஹன்டி பேரின்பநாயகம் இயக்கத்தின் மூளையாகவும் முகமாகவும் விளங்கினார். அவரைச் சுற்றி ஒறேற்றர் சுப்பிரமணியம், கு. நேசையா, பின்னாளில் புகழ்பெற்ற சட்டத்தரணியாகிய எஸ். நடேசன், பின்னாளில் பேராயராகிய எஸ். குலேந்திரன் போன்றோர் இருந்தனர். கல்லூரி அதிபராக இருந்த ஜோன் பிக்னெல் அமெரிக்கராயினும் தம் ஆசிரியர்களின் அரசியலுக்குத் தடை போடாதவர். அந்தக் காலத்து மிசன் பாடசாலை முகாமையாளர்களை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு அபூர்வமான சலுகை என்பது விளங்கும்.

மாணவர் என்ற பெயர் இருந்தபோதும் இயக்கத்தின் முதுகெலும்பு இளம் ஆசிரியர்களே. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞனுக்கு அன்று திறந்திருந்த வழிகள் சில. கொழும்பில் எழுதுவினைஞர் வேலை, மலாயாவில் புகையிரதத் திணைக்களத்திலோ வேறு திணைக்களத்திலோ ஓர் உத்தியோகம், சட்டம், மருத்துவம், இல்லாவிடில் ஆசிரியத் தொழில். ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும்’ என்ற பழமொழி வழங்கிய சமூகம் இது. கோறணமேந்தில் சேர்ந்தவன் அரசியல் பேச முடியாது. மலாயாவுக்குப் போனவன் ஊரில் இல்லை. ஆகவே ஊரில் தங்கி, ஓரளவு சுதந்திரத்தோடு, மூத்த வகுப்பு மாணவர்களை அன்றாடம் எதிரே வைத்துக்கொண்டு வாழ்ந்தவர் ஆசிரியர் ஒருவரே. இயக்கத்தின் பலமும் பலவீனமும் ஒருங்கே இந்த ஆசிரியத் தன்மையிலிருந்து வந்தன. கருத்து ஒன்றைத் தெளிவாக வகுத்து மேடையில் நிறுவுவதில் அவர்களை விஞ்ச ஆளில்லை. வீடு வீடாகச் சென்று ஆதரவைக் கணக்கெடுக்கும் வேலைக்கு அவர்கள் பழகியிருக்கவில்லை.

தோன்றிய காலமும் கவனிக்கத்தக்கது. 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவராக அமர்ந்த பொன்னம்பலம் அருணாசலம், மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்குவதாகக் கொடுத்த வாக்குறுதி மீறப்பட்டதாகக் கருதி அதைவிட்டு வெளியேறி, 1924 சனவரியில் காலமாகியிருந்தார். சிங்களத் தமிழ்த் தலைமைகளுக்கிடையே பிளவு வெளிப்படையாகிவிட்ட வேளை அது. மூத்தவர்கள் ஆசனக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அதே ஆண்டில் இந்த இளைஞர்கள் எதிர்த்திசையில் நடந்தனர். அவர்கள் கோரியது ஒன்றுபட்ட இலங்கைத் தேசியம், அந்நிய ஆட்சியின் முழு நீக்கம், தாய்மொழிக் கல்வி, சாதி வேறுபாட்டின் ஒழிப்பு, மதுவிலக்கு ஆகியவை. தமிழர் சிங்களமும் சிங்களவர் தமிழும் கற்க வேண்டும் என்று அவர்கள் வலியுறுத்தினர். ஆங்கிலமொழிக் கல்லூரிகளில் ஆங்கிலத்திற் கற்பித்தவர்களே தாய்மொழிக் கல்விக்காக வாதாடினர் என்பதை முரணாகக் காண்போர் உண்டு. ஆங்கிலக் கல்வி எத்தனை பேரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது என்பதை வகுப்பறைக்குள் நின்று பார்த்தவர்கள் அவர்கள். அந்த வாதத்துக்கு அவர்களைவிடத் தகுந்தவர் யார்?

வேட்டியும் சால்வையும் கதரும் அவர்களின் அடையாளமாயின. மேனாட்டு உடையே படித்தவனுக்கு மரியாதை தரும் என்று நம்பிய ஊரில், பட்டதாரி ஆசிரியர் ஒருவர் கதர் வேட்டியோடு வகுப்புக்குப் போவது வெறும் உடை மாற்றமாகப் பார்க்கப்படவில்லை. கிறிஸ்தவரும் சைவரும் ஒரே மேடையில் ஏறியதும், சாதி பாராமல் சமபந்தியில் அமர்ந்து உண்டதும் அதைவிடப் பெரிய சலசலப்பை உண்டாக்கின.

1926இல் நடந்த ஒரு கூட்டத்தை இங்கே குறிப்பிடாமல் விட முடியாது. ஒக்ஸ்போர்டில் படித்துவிட்டு முந்திய ஆண்டு நாடு திரும்பியிருந்த 27 வயது எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவை மாணவர் காங்கிரஸ் யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. அவர் வந்து பேசிய பொருள் சமஷ்டி, அதாவது கூட்டாட்சி. இலங்கைக்குப் பொருத்தமான ஆட்சிமுறை அதுவே என்று அவர் வாதிட்டார். அழைத்தவர்கள் அதில் பெரிய ஆர்வம் காட்டவில்லை. அவர்களின் மனம் முழுத் தீவுக்குமான சுயராச்சியத்தில் இருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து 1956இல் அதே பண்டாரநாயக்க பிரதமராகி, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அன்றைய பேச்சைச் சிங்களத் தரப்பும் தமிழ்த் தரப்பும் இன்றுவரை தத்தம் தேவைக்கு எடுத்தாள்கின்றன. அழைத்த அமைப்பின் பெயர் மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

இயக்கத்துக்குப் புகழ் தேடித் தந்தது 1927 நவம்பர் மாதம். கதர் நிதிக்காக இலங்கைக்கு வந்த காந்தியடிகள், மாணவர் காங்கிரஸின் அழைப்பை ஏற்று அம்மாத இறுதியில் யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். கல்லூரி கல்லூரியாகச் சென்று பேசினார். தீண்டாமையையும் குடியையும் கண்டித்தார். அதே மாதத்திலேதான், அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றி விசாரிக்கப் பிரித்தானியா அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவும் இலங்கைக்கு வந்திறங்கியது. ஒரு பக்கம் காந்தி, மறுபக்கம் டொனமூர் பிரபு. அடுத்த நான்கு ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து இளைஞர்களின் அரசியல் இந்த இரண்டு வருகைகளுக்கும் இடையே இழுபட்டது. மாணவர் காங்கிரஸ் என்ற பெயர் வாலிபர் காங்கிரஸ் என மாறியதும் இந்தக் காலப்பகுதியிலேதான்.

டொனமூர் ஆணைக்குழுவின் அறிக்கை 1928இல் வெளிவந்தது. அதன் விதப்புரைகளைச் சட்டநிரூபண சபை 1929 டிசம்பரில் 19க்கு 17 என்ற வாக்குகளால் ஏற்றது. புதிய அரசியலமைப்பின் உள்ளடக்கத்தை ஒருமுறை நிதானமாகப் பார்க்காமல் பகிஷ்கரிப்பை விளங்கிக்கொள்ள முடியாது. அதுவரை மக்கள்தொகையில் ஏறத்தாழ 4 வீதத்தினருக்கே வாக்குரிமை இருந்தது. இனி 21 வயதடைந்த ஆண் பெண் யாவருக்கும் அது உண்டு. ஆசியாவில் வேறெந்த நாட்டிலும் அப்போது இது இல்லை. இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிக்கப்பட்டது. புதிய சட்டசபையாகிய அரசுக் கழகத்தின் உறுப்பினர்கள் ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரிந்தெடுக்கும், அத்தலைவரே அமைச்சர். மறுபுறம் நிதி, சட்டம், பொதுச்சேவை, வெளிவிவகாரம் ஆகியவை பிரித்தானிய அதிகாரிகள் மூவரின் கையில் இருந்தன. ஆளுநருக்கு விசேட அதிகாரங்களும் இருந்தன.

யாழ்ப்பாணத்தின் பழைய தலைமை இதை வெறுத்தது. பொன்னம்பலம் இராமநாதன் சர்வசன வாக்குரிமையையே எதிர்த்தார். இனவாரிப் பிரதிநிதித்துவம் போவதையும் எதிர்த்தார். 1930 நவம்பரில் அவர் காலமானபோது அந்த எதிர்ப்பு இன்னும் ஓயவில்லை. வாலிபர் காங்கிரஸும் டொனமூர் திட்டத்தை எதிர்த்தது, ஆனால் முற்றிலும் வேறு காரணத்துக்காக. அதற்கு வாக்குரிமையில் பிணக்கில்லை. இனவாரிப் பிரதிநிதித்துவம் போனது அதற்கு மகிழ்ச்சியே. சுயராச்சியம் கேட்டவனுக்கு அரைகுறை அதிகாரத்தைக் கொடுத்து வாயடைக்கும் ஏற்பாடு இது என்பதே அதன் குற்றச்சாட்டு. இப்படி ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு எதிர்ப்புகள் ஒரே ஊரில், ஒரே ஆண்டில், ஒரே இலக்கின்மீது வந்து நின்றன. பகிஷ்கரிப்பு அத்தனை எளிதாக வென்றதற்கும், வென்றபின் அதன் பொருள் கைமாறிப் போனதற்கும் காரணம் இந்தச் சேர்க்கை.

1931 ஏப்ரலில் நடந்த ஆண்டு மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து வந்த கமலாதேவி சட்டோபாத்யாயா தலைமை வகித்தார். அரசுக் கழகத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும் தீர்மானம் நிறைவேறியது. நியமனப் பத்திரம் தாக்கல் செய்யும் நாள் மே 4. இடையில் இருந்த காலம் மிகக் குறுகியது. போட்டியிட ஆயத்தமாக இருந்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். வழக்கறிஞர்கள், செல்வந்தர்கள், பழைய சபையில் இருந்தவர்கள். இளைஞர்கள் அவர்களிடம் நேரிற் சென்று கேட்டனர், கூட்டம் கூட்டிக் கேட்டனர். ஊர் அபிப்பிராயம் திரும்பிவிட்டது என்று உணர்ந்தபின் அவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினர். மே 4ஆம் திகதி யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளுக்கும் ஒரு நியமனப் பத்திரமேனும் வரவில்லை. வட மாகாணத்தின் ஐந்தாவது தொகுதியாகிய மன்னார் - முல்லைத்தீவில் தேர்தல் நடந்தது. அங்கே போட்டியிட்டுத் தோற்றவர்களுள் ஒருவர் ஜி. ஜி. பொன்னம்பலம் என்ற இளம் வழக்கறிஞர். அந்தப் பெயரைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரங்களில் இளைஞர்களுக்கு இருந்த உற்சாகத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. நேரு அதே மே மாதத்தில் யாழ்ப்பாணம் வந்தார். இலண்டனிலிருந்து சிங்கள இடதுசாரியாகிய பிலிப் குணவர்த்தன பகிஷ்கரிப்பை மெச்சி எழுதினார். தெற்கின் தலைவர்கள் சிலர் அனுதாபம் தெரிவித்திருந்தனர். யாழ்ப்பாணம் வழிகாட்டினால் மற்றையோரும் பின்தொடர்வர் என்பதே திட்டத்தின் அடிப்படை. யாரும் பின்தொடரவில்லை. சூன் 13 முதல் 20 வரை தீவின் ஏனைய பகுதிகளில் தேர்தல் நடந்து முடிந்தது. 50 தொகுதி உறுப்பினர்களுள் 46 பேர் சென்று அமர்ந்தனர். அனுதாபம் தெரிவித்தவர்களும் அவரவர் தொகுதியைக் கவனித்துக்கொண்டனர்.

இதன் நடைமுறை விளைவு பலர் எண்ணுவதைவிடக் கடுமையானது. நிருவாகக் குழு முறையில், எதிர்க்கட்சி என்று தனியாக ஒன்று கிடையாது. உள்ளே இருக்கும் ஒவ்வொருவரும் ஆட்சியில் ஒரு பங்கினர். வெளியே நிற்பவருக்கு எதுவுமே கிடையாது. கல்வி, சுகாதாரம், விவசாயம், உள்ளூராட்சி என ஏழு குழுக்களில் ஒன்றிலேனும் குடாநாட்டுத் தொகுதிகளின் பிரதிநிதி ஒருவரும் இருக்கவில்லை. முதலாவது அமைச்சர் சபையில் சிங்களவர் ஐவர், மலையகத் தமிழர் சார்பில் பெரி சுந்தரம், முஸ்லிம்கள் சார்பில் எச். எம். மாக்கான் மாக்கார், வடபுலத் தமிழர் எவருமில்லை. வீதிக்கும் பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் ஒதுக்கும் இடம் அதுவாக இருந்தபடியால், ஓராண்டு செல்லுமுன்னரே யாழ்ப்பாணத்தில் முணுமுணுப்புத் தொடங்கியது. பகிஷ்கரிப்பைக் கைதட்டி வரவேற்ற அதே வாய்கள்தான் என்று சொல்லவும் வேண்டுமா?

இந்திய முன்மாதிரியை அவர்கள் எப்படி வாசித்தார்கள் என்பதும் ஒரு கேள்வி. சைமன் ஆணைக்குழுவைப் பகிஷ்கரித்ததும் 1930இன் உப்புச் சத்தியாக்கிரகமும் அவர்களின் கண்முன் நின்றன. ஆனால் இந்திய காங்கிரஸுக்குள்ளேயே சித்தரஞ்சன் தாசும் மோதிலால் நேருவும் 1923இல் சட்டசபைகளுக்குள் புகுந்து உள்ளிருந்து எதிர்க்கும் வழியைத் தேர்ந்திருந்தனர். 1931 மார்ச்சில் காந்தி - இர்வின் ஒப்பந்தத்தால் சட்டமறுப்பு இடைநிறுத்தப்பட்டிருந்தது; யாழ்ப்பாணத்தில் தீர்மானம் நிறைவேறியது அதற்கு அடுத்த மாதம். 1937இல் இந்திய காங்கிரஸே தேர்தலில் நின்று மாகாண அமைச்சுகளை அமைத்தது. பகிஷ்கரிப்பு அங்கே காலத்துக்கேற்ப எடுக்கவும் வைக்கவும் கூடிய ஓர் ஆயுதம். இங்கே அது கொள்கையாகவே ஆகிவிட்டது. இந்தியாவில் சபைக்கு வெளியே இலட்சக்கணக்கானோர் சிறை செல்ல ஆயத்தமாக இருந்தனர். யாழ்ப்பாணத்தில் சபையை விட்டு விலகியபின் செய்வதற்கென்று வரிமறுப்போ சத்தியாக்கிரகமோ திட்டமிடப்பட்டிருக்கவில்லை.

வாக்காளர் பக்கத்திலிருந்து பார்த்தால் நிலைமை இன்னும் சங்கடமானது. 1931க்கான வாக்காளர் இடாப்பில் முதன்முறையாகப் பெயர் பதிவான கூலித்தொழிலாளிக்கும், கள்ளிறக்குபவருக்கும், வீட்டை விட்டு அதிகம் வெளியே வராத பெண்ணுக்கும் அந்த வாக்கைப் போட 1934 வரை காத்திருக்க நேர்ந்தது. 1932இல் கொழும்பு வடக்கு இடைத்தேர்தலில் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் வென்று அரசுக் கழகம் சென்றார். யாழ்ப்பாணத்துப் பெண்கள் அப்போது வாக்குச்சாவடியையே கண்டிருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் 1920களிலேயே தமக்கெனச் சங்கம் அமைத்து உரிமை கேட்கத் தொடங்கியிருந்தனர். அவர்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று இராமநாதன் தரப்பு வாதிட்டது ஆதிக்கக் குணத்தால். அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று வாலிபர் காங்கிரஸ் கேட்டது இலட்சியத்தால். குடிசையில் இருந்தவருக்கு இரண்டின் விளைவும் ஒன்றே.

இதனால் அவர்கள் சாதி விடயத்தில் போலியாக நடந்தார்கள் என்று பொருளாகாது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசாங்க உதவிபெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கவேண்டும் என்ற பணிப்பு வந்தபோது அவர்கள் எடுத்த நிலைப்பாட்டைப் பார்த்தால் போதும். அதுவரை ‘தாழ்ந்த’ சாதிப் பிள்ளைகள் தரையில் இருந்து அல்லது வகுப்புக்கு வெளியே நின்று படித்தனர். பல பாடசாலைகள் அவர்களைச் சேர்ப்பதேயில்லை. வாங்கில் சமமாக இருத்துவதை எதிர்த்து ஊர்ப் பெரியவர்கள் மனுக் கொடுத்தனர், பிள்ளைகளை நிறுத்தினர். சில பாடசாலைக் கொட்டில்கள் எரிக்கவும்பட்டன. வாலிபர் காங்கிரஸ் தயக்கமின்றிச் சம ஆசனத்தின் பக்கம் நின்றது. பெற்றோரின் பகையைச் சம்பாதித்துக்கொண்டு ஓர் ஆசிரியர் இப்படி நிற்பது அந்தக் காலத்தில் தொழிலையே பணயம் வைப்பதாகும். தங்கள் சாதியின் செல்வாக்கை எதிர்த்து நின்றவர்கள் பெரும்பாலும் உயர் சாதியிற் பிறந்தவர்களே என்பதும் உண்மை. அவர்கள் ஒடுக்கப்பட்டோருக்காகப் பேசினார்கள். ஒடுக்கப்பட்டோரை அமைப்பின் தலைமையில் இருத்தினார்கள் என்று சொல்வதற்கில்லை.

1934இல் நான்கு தொகுதிகளுக்கும் இடைத்தேர்தல் நடந்தது. வென்றவர்களின் பெயர்களே ஒரு வரலாறு சொல்லும். யாழ்ப்பாணத்தில் அருணாசலத்தின் மகன் மகாதேவா; காங்கேசன்துறையில் இராமநாதனின் மருமகன் சு. நடேசபிள்ளை, ஊர்காவற்றுறையில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் முன்னாள் அதிபர் நெவின்ஸ் செல்வதுரை, பருத்தித்துறையில் ஜி. ஜி. பொன்னம்பலம். இளைஞர்கள் மூன்றாண்டுகள் காலியாக வைத்திருந்த களத்தில் பழைய குடும்பங்களும், இனவாரி அரசியலின் மிகத் திறமைவாய்ந்த புதிய வழக்கறிஞரும் வந்து அமர்ந்தனர். 1936இல் அமைச்சர் சபை முழுவதும் சிங்களவராக அமைந்தபோது, பொன்னம்பலத்தின் வாதத்துக்கு அதைவிட வலுவான சான்று தேவைப்படவில்லை. சபையின் ஆசனங்களில் பாதி சிறுபான்மையினருக்கு வேண்டும் என்ற ‘ஐம்பதுக்கு ஐம்பது’ கோரிக்கை எழுந்தது. 1944இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் உருவாயிற்று. வாலிபர் காங்கிரஸின் எஞ்சிய தலைவர்கள் ஐம்பதுக்கு ஐம்பதை வெளிப்படையாக எதிர்த்தனர். பொன்னம்பலத்தின் கூட்டங்களுக்குத் திரண்ட சனத்துக்கு முன்னால் அந்தக் குரல் எடுபடவில்லை.

பகிஷ்கரிப்பு உண்மையில் மறைமுகமான இனவாத எதிர்ப்பே என்று எழுதிய ஆய்வாளர்களும், அது கலப்பற்ற தேசியவாதம் என்று மறுத்த ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். தீர்மானத்தை இயற்றியவர்களின் நோக்கத்தை மட்டும் பார்த்தால் இரண்டாமவர்கள் சொல்வது சரி. அதை நிறைவேற்றித் தந்த ஊர்ப் பெரியவர்களின் நோக்கத்தைப் பார்த்தால் முதலாமவர்கள் சொல்வதில் பாதியேனும் சரி. தங்களுக்கு ஏற்பில்லாத ஓர் அரசியலமைப்பை இலட்சியத்தின் பேரால் தள்ளிவைக்க வாய்ப்புக் கிடைத்தபோது அந்தப் பெரியவர்கள் அதை விடவில்லை. இனவாரி ஆசனம் மீண்டும் கிடைக்கலாம் என்ற நம்பிக்கை மங்கியதும் தேர்தலைக் கேட்கத் தொடங்கினார்கள். கூட்டாளிகள் எதற்காகக் கூட வருகிறார்கள் என்று விசாரிக்காமல் கைகோத்தது வாலிபர் காங்கிரஸ் செய்த பெரிய அரசியற் பிழை.

தெற்கிலிருந்து பார்க்கையில் இன்னொன்று தெரிகிறது. யாழ்ப்பாணத்தைக் கண்டு உற்சாகமடைந்து தெற்கிலும் வாலிபர் சங்கங்கள் தோன்றின. அந்த வட்டங்களிலிருந்து 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி என்ற இடதுசாரிக் கட்சி உருவாயிற்று. பகிஷ்கரிப்பை மெச்சிய அதே பிலிப் குணவர்த்தனவும் என். எம். பெரேராவும் 1936இல் அதே அரசுக் கழகத்துக்குப் போட்டியிட்டு வென்று, சபையைப் பிரசார மேடையாகவும் தொழிற்சங்கத்தின் கவசமாகவும் பயன்படுத்தினர். யாழ்ப்பாணத்து இளைஞர்களிடம் இல்லாதிருந்தது இதுதான்: தொழிலாளியோடும் கமக்காரனோடும் ஆண்டு முழுவதும் இருக்கும் ஒரு தொடர்பு. பாடசாலை விடுமுறையில் கூடும் மாநாடும், நல்ல ஆங்கிலத்திலும் நல்ல தமிழிலும் நிறைவேறும் தீர்மானங்களும் ஒரு தலைமுறையின் மனத்தை மாற்றவல்லவை. ஆனால் தேர்தல் வந்தபோது எதிரே நின்றவர்களிடம் காணி இருந்தது, கோயில் இருந்தது, இனசனம் இருந்தது, கடன் கொடுத்த கணக்கும் இருந்தது.

வயதும் ஒரு காரணம், அதிகம் பேசப்படாத காரணம். 1924இல் இருபதுகளில் இருந்தவர்களுக்கு 1934இல் குடும்பமும் பொறுப்பும் வந்துவிட்டன. சிலர் சட்டத்துக்குப் போயினர், சிலர் சமயப் பணிக்கு, பலர் பாடசாலை நிருவாகத்துக்கு. அவர்களுக்குப் பின் வந்த மாணவர்கள், தீவிரம் வேண்டியவர்கள் இடதுசாரிக் கட்சிகளுக்கும் தமிழர் உரிமை வேண்டியவர்கள் பொன்னம்பலத்தின் பின்னாலும் போயினர். நடுவில் நின்ற வாலிபர் காங்கிரஸின் கூட்டங்களுக்குப் புதியவர்கள் வருவது குறைந்தது. அது ஒருநாளில் கலைக்கப்பட்ட அமைப்பு அல்ல; ஆள் சேராமல் மெலிந்தது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். கொள்கைகள் ஒரே இடத்துக்குப் போகவில்லை; பிரிந்து போயின. கல்விக் கொள்கை ஆசிரியர்களோடு இருந்தது. பேரின்பநாயகம் கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராகவும், ஒறேற்றர் சுப்பிரமணியம் சுன்னாகம் ஸ்கந்தவரோதயக் கல்லூரி அதிபராகவும் ஆற்றிய பணியை அந்த ஊர்களில் இன்றும் முதியவர்கள் எடுத்துச் சொல்வார்கள். தாய்மொழிக் கல்வி 1940களில் அரச கொள்கையாயிற்று. அவர்கள் நினைத்தது போல இரு இனத்தவரும் மற்றவர் மொழியைக் கற்கும் ஏற்பாடு அதனுடன் சேர்ந்து வரவில்லை. சிங்கள மாணவர் சிங்களத்திலும் தமிழ் மாணவர் தமிழிலும் தனித்தனியே படித்து, இடையில் இருந்த ஆங்கிலமும் இல்லாதுபோய், ஒருவரையொருவர் அறியாத தலைமுறைகள் வளர்ந்தன. கொள்கையின் ஒரு பாதியை மட்டும் எடுத்து நடைமுறைப்படுத்தியதன் பலன் அது.

நாடு தழுவிய தேசியம் இடதுசாரிகளிடம் தங்கியது. தனிச் சிங்களச் சட்டத்தின் ஆண்டாகிய 1956இலும் பருத்தித்துறையில் கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையா வென்றார் என்பது, அந்த மரபு குடாநாட்டில் முற்றாக அற்றுப்போகவில்லை என்பதற்குச் சான்று. ஆனால் அது தனிமனிதச் செல்வாக்கோடு நின்றுவிட்டது; பெரும்பான்மைத் தமிழ் வாக்காளர் அதற்குள் சமஷ்டிக் கட்சியின் (தமிழரசுக் கட்சியின்) பக்கம் சேர்ந்துவிட்டனர்.

சாதி ஒழிப்பு மட்டும் தனக்குரியவர்களின் கைக்கே போய்ச் சேர்ந்தது. 1940களில் ஒடுக்கப்பட்ட சாதியினரின் அமைப்பாகச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை எழுந்தது. 1957இல், சாதியின் பேரால் பொது இடங்களில் அனுமதி மறுப்பதைத் தடுக்கும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலமும், அதைத் தொடர்ந்து தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் நடந்த போராட்டங்களும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழையும் உரிமை கேட்டு நடந்த போராட்டமும் வாலிபர் காங்கிரஸின் மேடைகளில் முன்பே பேசப்பட்ட விடயங்கள். இம்முறை அவற்றை நடத்தியவர்கள் இடதுசாரி அமைப்புகளில் திரண்ட ஒடுக்கப்பட்டோரே. பிறர் தமக்காகப் பேச அவர்கள் காத்திருக்கவில்லை.